சதிகாரன் உங்கப்பன்தான்டா, பேராண்டி

பேராண்டி, நீ எல்லாத்தையும் சந்தேகப்படுறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சந்தேகப்படத் தெரியாதவன் கம்பம்மெட்டுல குடியிருக்கவே லாயக்கில்ல. டீக்கடையில நின்னு கைய நீட்டுனா அடுத்த மாநிலம். ரோட்டுல இந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட், அந்தப் பக்கம் ஒரு செக்போஸ்ட். விடியக்காலையில கம்பத்துல இருந்து ஜீப்புல அடைஞ்சுக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க வர்ற பொம்பளைக தூக்குவாளியவே எட்டிப் பாக்குற ஊரு இது. பொறந்ததுல இருந்தே எவனாவது நோட்டம் பாக்க வளந்த பயலுக்கு, எவனோ நோட்டம் பாக்குறான்னு ஒரு படம் வந்தா பிடிக்காம என்ன செய்யும்? என் வருத்தமெல்லாம், நீ சோம்பேறித்தனமாச் சந்தேகப்படுறங்கிறதுதான்.

போன சீசன்ல ஸ்டோர்ல காய் உலர்த்தப் போட்டுட்டு, அடுப்பு அணையாமப் பாத்துக்கன்னு என்னைய உக்காத்தி வச்சீகல்ல? அப்பத்தான் நீ உன் போன்ல அந்த வெள்ளக்காரப் படங்களைப் போட்டுக் காட்டுன. எல்லாம் எனக்கு மீசை கருத்திருந்த காலத்துப் படங்க. ‘த்ரீ டேஸ் ஆஃப் தி கான்டார்’, 1975. அதுல ராபர்ட் ரெட்போர்டுக்கு வேலையே புத்தகம் படிக்கிறதுதான். அரசாங்கமே சம்பளம் குடுக்குது, கதைப் புத்தகம் படிக்கிறதுக்கு! அதுலயே எனக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு வாங்க வெளிய போறான். திரும்பி வந்தா ஆபீஸ்ல அம்புட்டுப் பேரையும் சுட்டுப் போட்டுக் கெடக்கு. சாப்பாடு வாங்கப் போனவன் மட்டும் தப்பிச்சான். உங்கப்பத்தா என்னையக் கடைக்கு அனுப்புறப்பல்லாம் நான் மூஞ்சியச் சுளிச்சிருக்கேன். இனிமே சுளிக்க மாட்டேன்.

அடுத்து ‘தி பாரலாக்ஸ் வியூ’, 1974. பத்திரிகைக்காரன் ஒருத்தன் ஒரு கொலைக்குப் பின்னாடி இருக்குற கம்பெனியத் துப்பறியப் போறான். கடைசியில அவனையும் கொன்னு, கொலைப் பழியையும் அவன் தலையிலயே கட்டி, விசாரணைக் கமிசன் நாலு வரி வாசிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருது. கமிசன் அறிக்கை எப்படி இருக்கும்னு அமெரிக்காக்காரனுக்கும் தெரிஞ்சிருக்குன்னு ஒரு ஆறுதல்.

ஆனா நான் அடுப்பையே மறந்துட்டுப் பாத்தது ‘தி கான்வர்சேசன்’தான். அதுவும் 1974. கொப்போலா எடுத்தது. ஜீன் ஹேக்மேன் அடுத்தவுக பேசுறத ஒட்டுக்கேட்டு டேப்புல பிடிச்சுக் குடுக்குற தொழில்காரன். ஒரு சோடி பூங்காவுல நடந்துக்கிட்டே பேசுனதப் பிடிக்கிறான். அதைய ஓட்டிப் பாக்குறான், இரைச்சலைக் கழிக்கிறான், திரும்பவும் ஓட்டுறான். ஒரே பேச்சை எத்தனை தடவை! ஒவ்வொரு சொல்லும் அவன் காதுல சரியா விழுகுது. விழுந்தும், யாரு யாரைக் கொல்லப் போறாங்கிறதைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிறான். கடைசியில அவன் வீட்டுலயே ஒட்டுக்கேக்குற கருவி இருக்குன்னு சேதி வருது. சுவத்தைக் கிழிச்சு, தரைப்பலகையப் பேத்து, மாதா சிலையக்கூட உடைச்சுப் பாத்துட்டு, ஒன்னும் கிடைக்காம, மிச்சமிருந்த இடத்துல உக்காந்து சாக்ஸபோன் ஊதுறான். கவனிச்சியா பேராண்டி? அவன் தப்பாப் புரிஞ்சுக்கிறதுக்கே அம்புட்டு உழைச்சான். நீயும் தப்பாத்தான் புரிஞ்சுக்கிற. ஆனா ஒரு விரலை அசைச்சு ‘பார்வேர்டு’ பண்றதோட உன் உழைப்பு முடிஞ்சுபோகுது.

இந்தப் படங்க அங்க வரிசையா வந்ததுக்குக் காரணம் இருக்கு. கென்னடியச் சுட்டுட்டாக. 1972-ல வாட்டர்கேட் கட்டடத்துக்குள்ள, எதிர்க்கட்சி ஆபீஸ்ல புகுந்தவங்க பிடிபட்டாங்க. அதிபர் நிக்சன் சொந்த ஆபீஸ் பேச்சையே ரகசியமா டேப்பு எடுத்து வச்சிருந்து, அந்த டேப்பாலயே மாட்டிக்கிட்டு 1974 ஆகஸ்டுல பதவிய விட்டுப் போனாரு. சந்தேகப்பட்டவனெல்லாம் சரியாச் சந்தேகப்பட்டான்னு நிரூபணமான வருசங்கடா அது. அதுனால அந்தப் படங்களுக்கு ஒரு ரோசம் இருக்கு.

உனக்கு இந்தச் சதிக் கதைக எதுக்குப் பிடிக்குதுன்னு நான் சொல்லட்டா? கோவிச்சுக்காத. உன்னையக் கெடுக்கிறதுக்குன்னே டில்லியில ஒரு ஆபீஸ் திறந்து, ஏசி போட்டு, பத்துப் பேரு ராப்பகலா உக்காந்து திட்டம் போடுறாங்கன்னு நினைக்கிறதுல ஒரு சொகம் இருக்கு. அடேயப்பா, நம்மளுக்கு எம்புட்டு மதிப்பு! ரேசன் கார்டுல உன் பேரைச் சேக்கச் சொல்லி உங்காத்தா எத்தனை நாள் நடந்தா? உன்னையச் சேக்கவே ஆள் இல்லாத இடத்துல, உன்னையக் கவுக்க மட்டும் ஆள் எங்கிட்டுருந்துடா வருவான்?

சரி, பெரிய சதிக்கு வருவோம். நம்ம முல்லைப்பெரியாறு அணை. 2011-ல நீ சின்னப்பய. அந்த வருசம் ஜூலையிலயும் நவம்பர்லயும் இடுக்கியில லேசா நிலம் ஆடுச்சு. அங்குட்டு கேரளாவுல அணை உடையப் போகுதுன்னு பயம். இங்குட்டு தமிழ்நாட்டுல அணையக் காலி பண்ணப் பாக்குறாங்கன்னு பயம். அந்த நேரம் பாத்து சோகன் ராய் எடுத்த ‘டேம் 999’ படம் நவம்பர் 25 வெளியாகுதுன்னாக. 1886-ல திருவிதாங்கூர் மகாராசாவும் வெள்ளக்காரனும் போட்ட குத்தகை 999 வருசம். படத்துப் பேருலயும் 999. இதுக்கு மேல ஆதாரம் வேணுமா? தி.மு.க.காரங்க டில்லியில தடை கேட்டாக, அ.தி.மு.க. அரசு இங்க தடை போட்டுச்சு. அந்த ரெண்டு கட்சியவும் ஒரு பக்கம் நிப்பாட்டுன படத்துக்கு அதுக்காகவாவது ஒரு விருது குடுத்திருக்கணும். பாத்தவுகளைக் கேட்டா, கப்பலும் காதலும் சோசியமும் கலந்து கடைசியில ஒரு அணை உடையுதுன்னாக. தமிழ்நாட்டுல அதைப் பாத்தவன் சொற்பம், அதுக்காகக் கொதிச்சவன் ஊர்பூரா.

இதுல வேடிக்கை என்னன்னா, படத்தை எடுத்தவரு இது முல்லைப்பெரியாறு இல்ல, சீனாவுல 1975-ல உடைஞ்ச பான்சியாவோ அணைய வச்சு எடுத்ததுன்னாரு. அவரு சொன்னதை நம்பணும்னு நான் சொல்லல. ஆனா அந்த அணை நெசமாவே உடைஞ்சுச்சு. லட்சத்துக்கு மேல சனம் செத்திருக்கும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்த அரசாங்கம் சாவுக் கணக்கைப் பூட்டி வச்சு 2005-லதான் வெளிய விட்டுச்சு. ரெட்போர்டு சாப்பாடு வாங்கப் போன அதே 1975! நெசமான சதி, நெசமான மூடிமறைப்பு, முப்பது வருசம். அதைப் பத்தி நம்ம டீக்கடையில ஒருத்தன், ஒரே ஒருத்தன் பேசலடா.

அந்த 2011 டிசம்பர்ல நடந்தது உனக்கு நினைப்பிருக்காது. இந்த ரோடு மூடிக் கெடந்துச்சு, குமுளியும் மூடிருச்சு. மேல வேலைக்குப் போன நம்ம சனம் பயந்து காட்டுப்பாதை வழியா இறங்கி வந்துச்சு. கீழ கூடலூர்ல இருந்தும் கம்பத்துல இருந்தும் கூட்டம் கூட்டமா மேல ஏறப் பாத்தாக. அந்த நேரம் கேரள அரசோட அட்வகேட் ஜெனரலே ஹைகோர்ட்டுல எந்திரிச்சு, ஒருவேளை உடைஞ்சாலும் அந்தத் தண்ணிய இடுக்கி அணைக தாங்கிக்கிரும்னாரு. சனத்துக்கு நிம்மதி வந்திருக்கணும்ல? கொந்தளிப்புதான் வந்துச்சு. எப்பவும் அப்படித்தான், பயப்படாதன்னு சொல்றவன்தான் வசவு வாங்குவான். வருசக்கணக்கா பக்கத்துப் பக்கத்துல நின்னு காய் எடுத்தவுக ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமப் போனாகல்ல, அதை எந்தச் சதிகாரனும் டில்லியில உக்காந்து எழுதிக் குடுக்கல.

நம்ம பக்கத்துச் சந்தேகமும் ஒன்னு இருக்கு, அதையும் உரசிப் பாப்போம். நீ போன மாசம் அனுப்புன வீடியோவுல ஒரு தம்பி பேசுறான்: 1976-ல கேரளாக்காரன் இடுக்கி மின்சார அணையத் திறந்தான், 1979-ல முல்லைப்பெரியாறு பலவீனம்னு கத்தி 136 அடிக்கு இறக்கவச்சான், எல்லாம் தண்ணிய அங்குட்டுத் திருப்ப. ரெண்டு வருசமும் சரிதான். கேக்குறப்ப என் முதுகுத்தண்டே சிலிர்த்துச்சு. ஆனா அந்தத் தம்பி ஒரு தேதிய விட்டுட்டான். அதே 1979 ஆகஸ்டுல குசராத்துல மச்சு அணை உடைஞ்சு மோர்பி ஊருக்குள்ள தண்ணி புகுந்து ஆயிரக்கணக்குல சனம் செத்துச்சு. நாடே அணைகளை நிமிந்து பாத்துப் பயந்த வருசம் அது. அதைச் சேத்துக்கிட்டா, இடுக்கிக்குத் தண்ணி வேணுங்கிற ஆசை இல்லன்னு ஆகிருமா? ஆகாது. ஆசையும் இருந்திருக்கலாம், பயமும் நெசமா இருந்திருக்கலாம். சுப்ரீம் கோர்ட்டு 2014-ல 142 அடி தேக்கலாம்னு சொன்னதும், நிபுணர்களை அனுப்பி அணையத் தட்டிப் பாத்துத்தான். ரெண்டு தேதிக்கு ஒரு முடிச்சுப் போட்டா கதை. மூணாவது தேதி வந்தா முடிச்சு நெகிழுது. உன் வீடியோத் தம்பிக்கு அது பிடிக்கல, லைக்கு குறைஞ்சுரும்.

இப்ப உன் சொந்தக் கதைக்கு வருவோம். ஏலக்காய் விலைய எவனோ ரகசியக் கை ஆட்டுதுன்னு ஒரு குறும்படம் எடுக்கப் போறியாம். 2018 வெள்ளத்துல செடி அழுகிப் போச்சு, அடுத்த வருசம் மழை ஏமாத்துச்சு. காய் இல்ல. 2019 ஆகஸ்டுல புத்தடி ஏலத்துல கிலோ ஏழாயிரம் வரைக்கும் போச்சு. அப்ப எவனும் ரகசியக் கையத் தேடல, எல்லாரும் புது ஜீப்புதான் தேடுனான். ரெண்டு மூணு வருசத்துல விலை ஆயிரத்துக்குக் கீழ வந்துச்சு. உடனே சதி! ஒரு கை குவாத்தமாலாவுல இருக்கு, ஒத்துக்கிறேன். உலகத்துக்கே அதிகமா ஏலக்காய் ஏத்தி அனுப்புறது அந்த நாடுதான். ஆனா அவனும் ஒளிஞ்சுக்கிட்டு வளக்கல. இன்னொரு கை ரொம்பப் பக்கத்துல இருக்கு. ஏழாயிரத்தைப் பாத்ததும் காப்பிச் செடியப் பிடுங்கி எறிஞ்சுட்டு, வாசப்படி வரைக்கும் ஏலம் நட்டது யாரு? உங்கப்பன்தான். அவனைப் பாத்து அடுத்த தோட்டக்காரன், அவனைப் பாத்து அதுக்கு அடுத்தவன். ஒரு கூட்டம் போடல, ஒரு ரகசியம் பேசல, மலைபூரா ஒரே திட்டத்தை நிறைவேத்திட்டாக. அந்தப் பெரிய சதிகாரன் கூட ஒரே தட்டுல நீ மீன் கொழம்பு சாப்புடுற.

நெசமாவே சதிப் படம் எடுக்கணும்னா நம்ம மலைக்காரன் ஜார்ஜுகுட்டியப் பாரு. ‘திரிஷ்யம்’, 2013. ராஜாக்காட்டுக் கேபிள்காரன், நாலாம் வகுப்போட நின்னவன், ராத்திரிபூரா ஆபீஸ்ல படமாப் பாக்குறவன். வெள்ளக்காரன் படத்துல சதி மேல இருந்து கீழ வரும். இங்க ஒரு குடும்பம் அடுக்களையில உக்காந்து ஐ.ஜி.க்கு எதிரா சதி பண்ணுது, தியேட்டர்பூரா கூட்டுச் சேந்துக்குது. பஸ் கண்டக்டரு, ஓட்டல்காரரு, எல்லாரும் அந்தத் தேதியில அவுகளைப் பாத்ததாச் சத்தியம் பண்றாக. பொய்யி ஒருத்தனுது. மத்தவுக சொன்னது மனசாரச் சொன்ன சாட்சி. நாம சேந்து படம் பாத்தப்ப, அந்த இடத்துலதான் நான் உன்னைய ஓரக்கண்ணால பாத்தேன். நீ கவனிக்கல, எனக்கு ஏதோ பார்வேர்டு அனுப்பிக்கிட்டு இருந்த.

சரி, குறும்படத்தை எடு. நான் குறுக்க நிக்கல. வில்லன் வேசத்துக்கு உங்கப்பனைக் கேளு, சம்பளம் கேக்க மாட்டான், விவரம் தெரிஞ்சா உதைப்பான். உங்கப்பத்தாளை ஒட்டுக்கேக்குற ஆளாப் போடு, நடிக்கவே வேண்டாம். எனக்கு மட்டும் அந்தச் சாப்பாடு வாங்கப் போறவன் வேசம். முன்பணமா ஒரு ஐநூறு குடு. கீழ கம்பம் வரைக்கும் போய் பிரியாணி வாங்கிட்டு வந்துர்றேன், நீங்க அதுக்குள்ள சுட்டுக்கிட்டு இருங்க.