வகுப்பு நோட்ஸின் வம்சாவளி: ஊட்டிப் பிரதிகளை முன்வைத்து

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் மூன்றாகப் பிரித்தது. பவணந்தி முனிவர் காலத்தில் ஜெராக்ஸ் கடை கிடையாது. இருந்தும் பகுப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது.

சீனியர் அக்கா கைப்பட எழுதிய பொருளியல் நோட்ஸ் முதல்நூல். அதன் ஜெராக்ஸ் வழிநூல். அந்த ஜெராக்ஸைச் செல்போனில் படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சார்புநூல். வழிநூல் முதல்நூலோடு பெரும்பாலும் ஒத்துப்போய்ச் சில இடங்களில் மாறலாம் என்பது இலக்கணம். ஊட்டியில் அந்த மாற்றத்தைச் செய்வது ஜூலை மாத ஈரம். தாள் நமுத்துப்போய் மெஷினுக்குள் இரண்டிரண்டாக நுழைகிறது. 14ஆம் பக்கம் இல்லாத ஒரு பிரதி மரபு பிறக்கிறது. வர்க்கியின் எண்ணெய் பட்ட மரபு வேறு. குன்னூர் பஸ்ஸில் மடித்துக்கொண்டுபோன மரபு இன்னும் வேறு. 14ஆம் பக்கத்துக் கேள்வி வந்த அன்று, அந்த முதல் மரபினரைத் தேர்வறையில் முகத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் உரிமையாளர் யார்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தன் நடையில் எழுதியிருந்தால், அக்காதான். பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிற்கும். அரியர்கூட அத்தனை காலம் நிற்காது. பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதியதாயிற்றே, அவருக்குப் பங்கில்லையா என்பார்கள். அவர் கையிலிருந்த நோட்டு எந்த சீனியருடையது என்பது தனி ஆய்வுக்குரியது.

நம் துறையின் மூல வழக்கு டெல்லியில் நடந்தது. டெல்லி பொருளாதாரப் பள்ளி வளாகத்து ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை, பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல புத்தகங்களிலிருந்து எடுத்துத் தொகுத்து விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. டிசம்பரில் இருநீதிபதி அமர்வு, இத்தனை சதவீதம்தான் எடுக்கலாம் என்று வரம்பு கட்ட மறுத்து, பாடத்துக்குத் தேவையா என்பதையே அளவாக வைத்தது; எடுத்ததெல்லாம் தேவைதானா என்று விசாரிக்கக் கீழே அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டன. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைக்கு வெளிநாட்டுப் புத்தகத்தின் விலையைச் சொல்லிப் பாருங்கள், தீர்ப்பின் நியாயம் புரியும்.

ஆனால், முழுப் புத்தகத்தின் பிடிஎஃப்பைக் குழுவில் தள்ளிவிட்டு, கீழே கைகூப்பும் பொம்மை போடுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் குடையாகப் பிடிக்க முடியாது. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக அள்ளித்தரும் சை-ஹப் மீது அதே டெல்லி நீதிமன்றத்தில் 2020இல் வழக்கு வந்தது.

ராமேஸ்வரி வழக்கு சுற்றிச் சுழன்றது 52ஆம் பிரிவில். ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது படியெடுத்தால் மீறல் ஆகாது என்கிறது அது. தேர்வு விடையில் பிறர் படைப்பை அப்படியே எழுதினாலும் ஆகாது! இதைக் கண்காணிப்பாளரிடம் எடுத்துச்சொல்ல வேண்டாம். அவர் பின்பற்றும் சட்டம் வேறு.

இனி, கறைச் சிக்கல். நான் பார்த்த முதல்நூலின் 22ஆம் பக்கத்தில், வருமானத்தின் வட்டப் பாய்வு என்ற தலைப்புக்குக் கீழே, டீ கிளாஸ் வைத்த தடம் உண்டு. வழிநூலில் அது சாம்பல் வட்டம். சார்புநூலைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்ட தம்பி ஒருவன் காம்பஸ் வைத்து அதை வரைந்து, ஒரு பக்கம் 'குடும்பங்கள்', மறுபக்கம் 'நிறுவனங்கள்' என்று பெயரும் எழுதிவிட்டான். நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு, கறைக்கு இல்லை. எனவே இந்தப் படத்தின் ஆசிரியர் அக்காவா, கிளாஸா, தம்பியா என்பது தீரவில்லை. செமஸ்டர் தேர்வில் அவன் அதை அப்படியே போட்டான். இரண்டு மதிப்பெண் விழுந்தது.