ஜெராக்ஸ் வாசகர்கள்

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வெளிவந்தது 2010-இல். நான்கு வருடம் ஒருவர் மனமும் புண்படவில்லை. கதை நடக்கும் திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீஸ்வரர் அவர் பாட்டுக்கு இருந்தார். தேர் ஓடியது. போர்வெல் ரிக் வண்டி ஓடியது. 2014 டிசம்பரில் ஊர் மொத்தத்துக்கும் ஒரே மூச்சில் புண்பட்டது. விஷக்காய்ச்சல்கூட இவ்வளவு கட்டுப்பாடாகப் பரவாது.

பரப்பிய கிருமி, ஜெராக்ஸ். நாவலில் நாலு பக்கத்தைப் பொறுக்கி நகலெடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். பிள்ளையில்லாத நாயகி பொன்னாவை நல்ல காரியத்தில் ஒதுக்கி வைத்து ஊர் குத்திக் காட்டும் பக்கங்களும் அதே நாவலில் உண்டு. அவற்றை யாரும் நகலெடுக்கவில்லை. அதில் யாருக்கும் புண்படவும் இல்லை. நடைமுறையில் இருப்பதைப் படித்தால் எதற்குப் புண்படப் போகிறது?

புத்தகத்தைக் கொளுத்தினார்கள். கடையடைப்பு நடத்தினார்கள். அன்றைக்குத் தக்காளி வாங்கப் போனவன் எந்த நாவலை எழுதினானோ தெரியாது.

2015 ஜனவரி 12. நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை. பெயர் என்னவோ அமைதிக்கூட்டம். மிரட்டியவனை அதட்ட வேண்டிய அரசாங்கம், மிரண்டவரை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியது. 'வருத்தம்' போதாதாம். 'நிபந்தனையற்ற மன்னிப்பு' வேண்டுமாம். நாவலை முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒரு சொல்லை நிறுத்துப் பார்க்க நேரம் இருந்தது. அதுவும் யாரிடம்? கொங்குச் சொற்களைத் தேடித்தேடி அகராதி தொகுத்த பெருமாள்முருகனிடம். பிறகு தனக்குள் இருந்த எழுத்தாளனுக்கு அவரே மரண அறிவிப்பு எழுதினார்.

அந்தக் கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்ன தேதி 2016 ஜூலை 5. நூலகத்தில் பெருக்குகிற அம்மா ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நமக்கு ஒன்றரை வருடம் ஆனது.

தில்லி இன்னும் ஒரு படி மேல். சல்மான் ருஷ்டியின் 'தி சாட்டானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்யக் கூடாதென்று 1988-இல் தடை போட்டார்கள். 36 வருடம் நாமும் பயபக்தியோடு கட்டுப்பட்டோம். ஒருவர் வழக்குப் போட்டு, அந்த ஆணையைக் காட்டுங்கள் என்றார். தேடினார்கள். காணோம். அப்படியொரு ஆணையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கை முடித்தது.

நாவலின் நாலு பக்கத்துக்குக் கட்டுக்கட்டாக ஜெராக்ஸ் எடுத்த தேசம். தடை ஆணைக்கு ஒரு காப்பி எடுத்து வைக்க ஆளில்லை.