அகலப்பட்ட சோழன்

1950களின் தொடக்கத்தில் ஹாலிவுட் முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. சனம் வீட்டில் டி.வி. முன்னால் குந்திவிட்டது, தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஃபாக்ஸ் கம்பெனிக்காரர்கள் ஆன்ரி கிரெத்தியான் என்ற பிரெஞ்சு வானியல் பேராசிரியரைத் தேடிப்பிடித்தார்கள். கால் நூற்றாண்டாகப் பெரிதாக யாரும் சீந்தாமல் அவரிடம் கிடந்த லென்ஸை வாங்கி, 1953இல் 'தி ரோப்' படத்தை அகலத் திரையில் ஓட்டிக் கல்லாவைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இதுதான் சினிமாஸ்கோப்.

நாம் முன்யோசனைக்காரர்கள். சென்னைக்கு டி.வி. வந்தது 1975 ஆகஸ்ட் 15. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973. எதிரி கிளம்புவதற்கு இரண்டு வருஷம் முன்பே கோட்டையை அகலப்படுத்தியாயிற்று.

தயாரிப்பு, மவுண்ட் ரோடு ஆனந்த் தியேட்டர் முதலாளி ஜி. உமாபதி. தியேட்டரும் அவருடையது, படமும் அவருடையது. அகலத்தைக் கேட்க யார்? டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய அரு. ராமநாதனின் நாடகத்தை ஏ.பி. நாகராஜன் டைரக்ட் செய்தார். ராஜராஜன் யார் என்று சொல்ல வேண்டுமா? அன்றைக்குத் தமிழ்நாட்டில் ராஜா வேலை எங்கே காலியானாலும் ஆர்டர் சிவாஜி வீட்டுக்குத்தான் போகும்.

இடித்த இடம் ஒன்றுதான். தஞ்சாவூரில் 216 அடிக்கு விமானம் எழுப்பியவர் இந்த மனிதர். அவருடைய பெருமையே உயரம். அவரைக் கொண்டுபோய், உயரம் 1 என்றால் அகலம் 2.35 என்ற சட்டத்துக்குள் படுக்கப் போட்டார்கள்.

பனியன் ஊர்க்காரர்களுக்கு இந்த லென்ஸ் வித்தையை விளக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பனியன் துணியில் அச்சடித்த முகத்தை அகலவாக்கில் இழுத்தால் என்னாகும்? அதேதான். எடுக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி 35 எம்.எம். ஃபிலிமில் அடைப்பார்கள். ஓட்டும்போது புரொஜக்டர் மூக்கில் இன்னொரு லென்ஸை மாட்டி இரண்டு பங்காக இழுத்துவிடுவார்கள்.

இது அந்தக் கால டென்ட் கொட்டாய்க்கு வந்தால்தான் கூத்து. ஒரே புரொஜக்டர், ரீல் மாற்ற நாலு இடைவேளை, மணலைக் குவித்து அதன்மேல் உட்காரும் தரை டிக்கெட். திரையை அகலப்படுத்தலாம் என்றால் இரண்டு பக்கமும் கம்பம் நிற்கும். ஆகவே அகலத்தை விட்டுவிட்டு மேலேயும் கீழேயும் குறைப்பார்கள். போஸ்டரில் 'பிரம்மாண்ட அகலத்திரை' பார்த்து வண்டி கட்டி வந்தவருக்கு வழக்கத்தைவிடச் சின்னப் படம்.

ஆபரேட்டர் லென்ஸை மாட்ட மறந்தாலோ, யானை ஒட்டகமாகிவிடும், ராஜா ஈர்க்குச்சியாகிவிடுவார்.

"ஏனுங் மாமா, சிவாஜி இப்பிடி எளச்சுப் போயிட்டாரு?"

"படை எடுத்துட்டுப் போறவனுக்கு நேரா நேரத்துக்குச் சோறு கெடைக்குமா மாப்ள?"

அந்த ரீலில் கோயில் விமானம் வந்தால் மட்டும் பழுதில்லை. இருக்கிற உயரத்துக்கு இரட்டிப்பாகத் தெரியும். ராஜராஜன் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்திருந்தால், லென்ஸை மாட்டாத ஆபரேட்டருக்கு ஒரு கிராமத்தை இறையிலியாக எழுதிக் கல்வெட்டிலும் வெட்டிவிட்டுத்தான் இடைவேளைக்கு எழுந்திருப்பார்.