மேஸ்திரியும் மஞ்சள் சீட்டும்

ஒரு காரியத்தைச் செய்வதைக் காட்டிலும் அதை எந்த முறைப்படி செய்வது என்பதே கணினி உலகத்தில் பெரிய காரியம் என்று, சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் ஸ்தாபனத்தின் உத்தியோகத்தைக் கடத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே நடத்திவரும் என் மருமான் எனக்கு அடிக்கடி உபதேசிப்பது வழக்கம். 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர், தேவையை அறிவதில் தொடங்கிச் சோதனை வரை படிப்படியாய் இறங்கும் ஒரு படத்தைப் போட்டு, இப்படியே செய்தால் விபரீதத்தில் முடியும் என்றும் எழுதிவைத்தார். உலகமோ எச்சரிக்கையை அவரிடமே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பக்தி சிரத்தையுடன் எடுத்துக்கொண்டு, அதற்கு 'வாட்டர்ஃபால்' என்று நாமகரணமும் செய்து, வெகுகாலம் அதிலேயே நனைந்தது. பிறகு 2001 பிப்ரவரியில் 17 நிபுணர்கள் யூட்டா மாகாணத்துப் பனிமலை விடுதியில் கூடி, கட்டுக் கட்டான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளே மேல் என்று பிரகடனம் செய்தார்கள். அதுவே ஏஜைல்.

அந்த வம்சத்தைச் சேர்ந்த ஸ்க்ரம் முறையில் தினந்தோறும் 15 நிமிஷத்துக்கு மேற்படாமல் ஒரு கூட்டம் உண்டு. நின்றுகொண்டு பேசினால் பேச்சு குறையும் என்பது சித்தாந்தம். எங்கள் திண்ணையில் அது சாய்வு நாற்காலியில் முக்கால் மணி நேரம் நடக்கிறது.

கொல்லைப்புறத்தில் குளியலறை கட்ட ஆரம்பித்ததும் மருமானுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. செய்யவேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை என்று சுவரில் மூன்று பத்தி பிரித்து, மஞ்சள் சீட்டுகளை ஒட்டி, மேஸ்திரியை எதிரே நிறுத்தி, நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், விக்கினம் ஏதும் உண்டா என்று சாஸ்திரோக்தமாய் வினவினான். வெற்றிலைச் சந்தைக்குப் பேர்போன ஊரல்லவா? மேஸ்திரி சாவதானமாகத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"நேத்து எம்சாண்டு வரலீங்க தம்பி. இன்னிக்கும் வராதுங்க. விக்கினமும் அதுதானுங்க."

வேலை பிந்துகிறதே என்று பதறி, இன்னும் நான்கு ஆட்களை அழைக்கலாமா என்றான் மருமான்.

"வர்றவங்களுக்கு வேலையச் சொல்லிக் குடுக்கவே எனக்குப் பொழுது போயிருமுங்க" என்றார் மேஸ்திரி.

ஐ.பி.எம். ஸ்தாபனத்தின் மாபெரும் மென்பொருள் முயற்சி ஒன்றை நடத்தி அவதிப்பட்ட ஃபிரெட் புரூக்ஸ், பிந்திய வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்று 1975-ல் எழுதியதும் இதைத்தான். அவருடைய புத்தகம் மருமானின் அலமாரியில், உறை கலையாமல், பத்திரமாக இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் கட்டடம் கட்ட உத்தேசித்திருக்கும் அன்பர்கள் எந்த முறையை அநுஷ்டித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எம்சாண்டுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்து விடுங்கள்.