பட்டி பார்க்காத நகம்

கல்யாண சீசன் வந்தால் போதும், விரலுக்கு விரல் நகத்தில் மயில், தாமரை, கல் பதித்த கோலம். கிட்டப் போய்ப் பார்த்தால் மயிலின் காலடியில் நேற்றைய சாம்பாரின் மஞ்சள். ஓரத்தில் கடித்துத் துப்பிய தோல். பட்டி பார்க்காத சுவரில் பெயிண்ட் அடித்தால் மேஸ்திரியை விடுவோமா? நகத்துக்கு மட்டும் சலுகை.

செய்ய வேண்டியதோ சொற்பம். பழைய பாலிஷைத் துடைத்து, அரத்தை முன்னும் பின்னும் இழுக்காமல் ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும். வெந்நீரில் கையை ஊறப்போட்டு சீரியல் பார்ப்பது சுகம்தான். ஆனால் தண்ணீர் குடித்த நகம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும், மயில் இறகு இறகாக உரியும். நகத்தடித் தோலை ஒட்ட வெட்டும் வீராங்கனைகளும் உண்டு. கிருமியை உள்ளே விடாமல் தடுப்பதே அந்தத் தோல்தான். அப்புறம் நகச்சுத்தி வந்து, விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு மண்டபத்தில் வரவேற்பார்கள்.

கடைசியாக, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று. அதைப் பூசாவிட்டால் சிவப்புச் சாயம் நகத்திலேயே தங்கிவிடும். கறை வளர்ந்து வெளியேறட்டும் என்று காத்திருந்தால், நகம் வளர்வதோ மாதம் சுமார் 3 மில்லிமீட்டர். இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறார்கள். மயிலின் கண்ணுக்கு மை தீட்ட மட்டும் முக்கால் மணி நேரம் கிடைக்கிறது.