ஒளிவிலகலுக்கு உகந்த விளக்கு: கீரிப்பாறையை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டில் ஒளிவிலகல் சோதனை செய்ய எந்த விளக்கு உகந்தது என்ற வினாவில் அறிஞருலகம் இதுகாறும் வாய் திறக்கவில்லை. நீரைப் பற்றி வழக்கில்லை. 45 பாகையில் வந்து விழும் கதிரை அது 32 பாகைக்குத் திருப்பிவிடும். பாரிசிலும் அப்படித்தான், குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையிலும் அப்படித்தான். திருப்புவதற்கு ஒல்லியான ஒரு கதிர் வேண்டுமே, அதற்குத்தான் பாடு. கீரிப்பாறை மட்டுக்கும், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் கட்டும் ஹெட்லைட்டே உத்தமம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

வெயில் இருக்க விளக்கெதற்கு என்பார் பூர்வபட்சக்காரர். 1666-இல் நியூட்டன் சன்னல் கதவில் துளையிட்டு வெயிலைத்தான் பட்டகத்தில் விழவைத்தார் என்று சான்றும் காட்டுவார். நியூட்டன் வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம் இல்லை. இங்கே ஒருபுறம் மலை, தலைக்கு மேல் இலைக்கூரை, போதாததற்கு இரண்டு பருவமழையும் வந்துபோகும். தை மாசியில் ரப்பர் இலை உதிர்க்குமே, அப்போது செய்யலாமே என்றால், வருடத்துக்கொரு தடவை கொடை கொடுக்க அறிவியல் என்ன சுடலைமாடனா? தவிர, சூரியன் நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. பிள்ளையின் பையில் கோணமானியைத் தேடி எடுப்பதற்குள் அளக்கவேண்டிய கோணம் மாறிவிடும். சூரியன் அரைப் பாகை அகலமும்கூட. எவ்வளவு சிறிய துளையிட்டாலும் மீட்டருக்கு 9 மில்லிமீட்டர் வீதம் கதிர் பருத்துக்கொண்டே போகும். சி.வி. ராமனும் வெயிலில் தொடங்கிப் பாதரச விளக்குக்குத்தான் போனார்.

லேசர் ஒல்லிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒற்றை நிறம். வெள்ளொளி பிரிந்து நிறம் காட்டும் வேடிக்கை அதில் கிடையாது. கண்ணாடியில் பட்டுத் தெறித்தால் கண்ணுக்கும் ஆகாது. அரிக்கேன் விளக்கின் சுடர் அகலம்; விவாதத்துக்கே வரவேண்டாம்.

ஹெட்லைட்டை அப்படியே அடித்தால் அதுவும் உதவாது. உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம் ஒளியை வாரி இறைக்கும். விளக்கின் முகத்தில் கறுப்புச் சார்ட் தாளை ஒட்டி, நடுவில் 3 மில்லிமீட்டர் துளை போதும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் அந்தத் துளை சூரியனில் ஆறில் ஒரு பங்கு அகலமாகவே தெரியும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு முன்னால் பிளேடால் கீறிய இன்னொரு தாள். பாத்திரம் சதுரமாக இருக்கட்டும். உருண்டைத் தம்ளர் தானே ஒரு லென்ஸாகிக் கணக்கைக் குழப்பும். தெளிந்த நீரில் கதிர் கண்ணுக்குப் படாது, கலங்கல் வேண்டும். பாலூற்றச் சொல்கின்றன புத்தகங்கள். சிரட்டையிலிருந்து ஒரு சொட்டு ரப்பர் பால் அதே வேலையைச் செய்யும். அதன் நுண்துகள்களில் ஒளி சிதறி, கோடு நீரில் எழுதியதுபோல் நிற்கும்.

இருட்டு வேண்டுமே, இருட்டில்தானே அந்த விளக்குக்கும் வேலை என்பது கடைசி ஆட்சேபம். இது வலுவானது. ஆனால் பால் வெட்டு விடியலுக்கு முந்தைய இருட்டில். அந்தி இருட்டில் ஹெட்லைட் ஆணியில் சும்மா தொங்கும். அந்த நேரத்தில் இரவல் வாங்கலாம். தாளைப் பிய்த்து, சார்ஜ் ஏற்றி, தூங்கப்போகுமுன் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.