தாடை ரசம்

மெகலோடன் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை, ஆனாலும் சொல்லிவிடுவேன். சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போன ராட்சதச் சுறா; பல் ஒன்றே உள்ளங்கையை மறைக்கும். இத்தனை தெரிந்தவனை எக்கியார்குப்பத்துக் கரையில் வாங்கிய ஒரு முழப் பால்சுறா மண்ணைக் கவ்வ வைத்தது. பிள்ளை பெற்ற தங்கைக்குச் சுறாப்புட்டு செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அங்கேயே கத்தியை வாங்கி, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் சீவினேன். விரல்தான் சிராய்ந்தது. சுறாவின் மேல் இருப்பவை பல்லின் வம்சம்: உள்ளே கூழ், வெளியே எனாமல் மாதிரிப் பூச்சு, எல்லாம் வாலை நோக்கிச் சாய்ந்தவை. இதை ஒரு கல்யாணப் பந்தியில் விளக்கியவனே நான்தான். "வெந்நீர்ல போடு தம்பி, தோலு தானா உரியும்" என்றார் மீன்கார அக்கா.

பாதியைப் புட்டாக்கிவிட்டு மீதியை வெளியிலேயே மறந்தேன். கடலுப்பு உடம்பின் நீரை உறிஞ்சாதிருக்கச் சுறா தசையில் யூரியாவைத் தேக்கிவைக்கிறது. செத்தபின் பாக்டீரியா அதை அமோனியாவாக்கும். மறுநாள் வீடு பேருந்து நிலையக் கழிப்பறையாக மணத்தது.

எஞ்சியது தாடை. கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசை. கொதிக்கவிட்டால் சதை கழன்று எலும்பு நிற்கும் என்று அடுப்பில் ஏற்றினேன். சுறாவுக்கு எலும்பு ஏது? எலும்பு கொண்ட முன்னோரிடமிருந்து வந்து அதைக் கைவிட்ட பரம்பரை என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எல்லாம் குருத்தெலும்பு. பற்களும் தாடையில் வேர்விட்டவை அல்ல. சவ்வில் வரிசைகட்டி முன்நகர்ந்து உதிர்பவை. சட்டியில் கொழகொழ ரசம், அடியில் பொடிப்பொடியாய்ப் பற்கள்.

மெகலோடனும் இதனால்தான் பற்களையும் சில முதுகெலும்புத் துண்டுகளையும் தவிர அதிகம் விட்டுப்போகவில்லை. நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1909-இல் அதன் தாடையைக் கட்டியபோது, பக்கப் பற்களையும் முன்பற்களின் அளவுக்கே வைத்தது. உள்ளே ஆறு பேர் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சுறாவின் நீளம் 30 மீட்டர் என்று ஆனது. பிற்பாடு தாடையைச் சுருக்கினார்கள். நீளத்தைப் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

அவர்கள் இல்லாத தாடையை ஊதினார்கள். நான் இருந்த தாடையைக் கரைத்தேன். இரண்டில் என் குற்றமே சிறியது என்று மனைவியிடம் வாதாடினேன். "சரி, சட்டியை யார் கழுவுறது?" என்றாள்.